குப்பி எடுக்க ஆளில்லாத பட்ச்: வைத்தியபீடப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர், மேடம்,

இலங்கையின் வைத்தியபீடங்களில் பாடத்திட்டத்தை மாற்றி எழுதும் குழுக்களில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் தம்பலகாமத்தில் பிறந்தவள், அப்பா வயல் செய்தவர், இப்போது திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் வைத்தியராக வேலை செய்கிறேன். பழைய பாடத்திட்டத்தில் படித்து வெளியே வந்தவள். என் தம்பி இன்னொரு பீடத்தில் புதிய பாடத்திட்டத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறான், அங்கே அந்தப் பாடத்திட்டத்தின் முதல் பட்ச் அவனுடையதுதான். இதற்கிடையில் 2022இல், பெட்ரோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு கிடந்த மாதங்களில், இன்டர்ன்ஷிப் நியமனத்துக்குக் காத்திருந்தபோது தற்காலிக டெமொன்ஸ்ட்ரேட்டராக, அதாவது விரிவுரையாளர்களுக்கு உதவியாகப் படிப்பிப்பவளாகச் சேர்ந்து முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சிறு குழு வகுப்பும் நடத்தியிருக்கிறேன். படித்தவளாகவும் படிப்பித்தவளாகவும், படிக்கிற ஒருவனின் அக்காவாகவும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

போன மாரிக்காலத்தில் ஒரு நாள், இரவு பதினொன்றரை இருக்கும், தம்பி போன் எடுத்தான். வழமையாக அந்த நேரத்தில் எடுக்கமாட்டான். சாப்பிட்டாயா, காய்ச்சலா, காசு வேண்டுமா என்று நான் கேட்டுக்கொண்டே போக, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, எங்களுக்குக் குப்பி எடுக்க ஆக்கள் இல்ல" என்றான்.

உங்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, உங்களில் பாதிப்பேராவது குப்பியில் படித்துத்தான் வந்திருப்பீர்கள். இதை வாசிக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். இரவில் விடுதிச் சாப்பாட்டு மேசையிலோ காலியாகக் கிடக்கும் வகுப்பறையிலோ, சீனியர் ஒருவர் வந்து இருந்து அடுத்த பட்சுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் குப்பி. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். காசு கிடையாது, வரவுப் பதிவு கிடையாது. பகலில் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் ஓடிய விரிவுரை, இரவில் தமிழும் ஆங்கிலமும் கலந்து இருபது நிமிடத்தில் தலைக்குள் இறங்கும். கைக்குப் போகிற நரம்புப் பின்னலை எப்படி வரைந்தால் மறக்காது, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் எதை முதலில் சொல்ல வேண்டும், எந்த வார்டில் காலையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், விடுதியில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை யாரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று எல்லாமே அந்த மேசையில்தான் கைமாறும். ராகிங்கோடு தயவுசெய்து இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். ராகிங்குக்கு 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அது இன்னும் ஒழுங்காக நடைமுறையாக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். குப்பி என்பது ஒரு மூத்த பிள்ளை தன் நித்திரையைக் கொடுத்துச் செய்கிற வேலை.

தம்பியின் பட்சுக்கு என்ன நடந்தது? சீனியர்கள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம் என்று பாடம் பாடமாகத் தனித்தனியே படித்தவர்கள். இவர்களுக்கோ இரத்தம், இதயம், சுவாசம் என்று உடலின் தொகுதிகளாக மொடியூல்கள். சீனியர்கள் மனமில்லாமல் போனவர்கள் இல்லை, முதல் இரண்டு கிழமை வந்தும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த குறிப்பு ஒரு வரிசையில் இருந்தது, இவர்களின் பாடம் வேறு வரிசையில் போனது. பழைய வினாத்தாள்கள் பத்து வருடத்துக்குக் கட்டுக்கட்டாகக் கிடந்தும், அதில் எந்தக் கேள்வி இனி வரும், எது வராது என்று யாருக்கும் தெரியவில்லை. "பிழையாச் சொல்லித் தந்து நீங்க பெயில் விட்டா எங்களுக்குத்தான் பாவம்" என்று சொல்லி, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அதோடு அந்த மேசையில் கைமாறிக்கொண்டிருந்த மற்ற எல்லாமும் நின்றுபோனது.

பாடத்திட்டத்தை மாற்றும்போது நீங்கள் விரிவுரை மணித்தியாலங்களைக் கணக்குப் பார்க்கிறீர்கள், பரீட்சைப் புள்ளிகளைப் பங்கிடுகிறீர்கள், துறைகளுக்கிடையே எவ்வளவோ பேசித் தீர்க்கிறீர்கள். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று டெமொன்ஸ்ட்ரேட்டர் அறையில் இருந்தே கொஞ்சம் பார்த்திருக்கிறேன், அதனால் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் உண்மையில் எதைப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு வருடத்தைக் கடக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கூட்டங்களில் வருகிறதா? வந்திருந்தால், முதல் பட்ச் உள்ளே வருவதற்கு முன்பே ஒவ்வொரு மொடியூலுக்கும் மாதிரி வினாத்தாள் ஒன்றாவது தயாராக இருந்திருக்கும். சீனியர்கள் சிலரைக் கூப்பிட்டு, இந்தப் பகுதி உங்கள் பாடத்தில் இங்கே இருந்தது, இப்போது இங்கே போயிருக்கிறது என்று ஒரு பின்னேரம் விளங்கப்படுத்தியிருந்தால் குப்பி அறுந்திருக்காது.

நான் மாற்றத்துக்கு எதிரானவள் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வருடம் நோயாளியின் முகத்தையே பார்க்காமல் படித்தவள் நான். உடலின் கலங்கள் சக்தி எடுக்கும் வழியான கிரெப்ஸ் வட்டத்தை இரண்டு முறை மனப்பாடம் செய்து இரண்டு முறையும் மறந்தேன். 2017இல் நாடு முழுக்க 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் படுத்திருந்தார். அந்த நேரம் விடுமுறையில் வீட்டுக்கு வந்த என்னிடம் ஊரில் எல்லோரும் "பிள்ளை, நீ டொக்டருக்குத்தானே படிக்கிறா, பிளேட்லெட் குறைஞ்சா என்ன செய்யோணும்" என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. பிளேட்லெட் எலும்பு மச்சையில் எப்படி உருவாகிறது என்று ஒரு பக்கம் எழுதுவேன், காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்தான நேரம் தொடங்கும், அப்போதுதான் கண்ணைவிட்டு எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது தெரியாது.

ஆகவே மாற வேண்டியிருந்தது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து எழுதிய அறிக்கைக்குப் பிறகு, முதலில் விஞ்ஞானம், பிறகு நோயாளி என்ற ஒழுங்குதான் பெரும்பாலான இடங்களில் நிலைத்தது. அதை உடைத்து, ஒரு நோயாளியின் பிரச்சினையை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் படிக்கலாம் என்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. நம் நாட்டில் கொழும்பு வைத்தியபீடம் 1995இல், பாடங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்துப் படிப்பிக்கும் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்துக்கு மாறியது. மற்றப் பீடங்களும் ஒவ்வொரு வேகத்தில் அந்தத் திசையில் வந்துகொண்டிருக்கின்றன. அதன் நல்லதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். முதலாம் வருடத்திலேயே தம்பியையும் இன்னொரு பிள்ளையையும் சேர்த்து ஒரு குடும்பத்தைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு சீனி வருத்தம், காலில் ஆறாத புண். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார், ஆனால் விடியற்காலையில் மீன் கழுவுகிற இடத்தில் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிறார். செருப்புப் போட்டால் வழுக்கும். மூன்றாவது தடவை போனபோதுதான் அதை அவர் சொல்லியிருக்கிறார். தம்பி அன்றைக்கு எனக்கு எடுத்து அரை மணி நேரம் காலைப் பற்றியே பேசினான், நரம்பு, இரத்த ஓட்டம், வழுக்காத செருப்பு எங்கே வாங்கலாம் என்று. முதலாம் வருடத்தில் நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

சரி, இப்போது சிறு குழு வகுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே நானே பிழை விட்டிருக்கிறேன்.

எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அவர்களே பேசி, என்ன தெரியும் என்ன தெரியாது என்று பிரித்து, தேடிப் படித்துத் திரும்பி வந்து பேசுவது என்பது கேட்க எவ்வளவு நல்ல முறை! அதை நடத்த எனக்குக் கிடைத்த பயிற்சி அரை மணி நேரம். கையில் ஒரு தாள், அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'பங்களிப்பு' என்று புள்ளி போட ஒரு கட்டம். வெருகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை ஆறு வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. நான் குறைந்த புள்ளியைப் போட்டேன். கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசையில் மறந்து விட்டுப்போன கொப்பியை யாருடையது என்று திறந்து பார்த்தால், அந்தப் பிள்ளையுடையது. அந்த நோயாளியைப் பற்றி மற்ற ஏழு பேரும் பேசியதைவிட அதிகமாகத் தமிழில் எழுதி வைத்திருந்தாள், ஓரத்தில் அகராதி பார்த்து ஆங்கிலச் சொற்கள், அவற்றை எப்படி உச்சரிப்பது என்று தமிழ் எழுத்தில். வகுப்புக்கு முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் கொழும்பில் ஆங்கிலத்தோடு வளர்ந்த பிள்ளை சொல்லிவிடும்.

பழைய முறையில் இருநூறு பேர் இருக்கிற மண்டபத்தில் அவளுடைய மௌனத்தால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை, எழுத்துப் பரீட்சையில் எடுத்துவிடுவாள். புதிய முறையில் அதே மௌனத்துக்குப் புள்ளி குறைகிறது. எல்லோரையும் பேச வைப்பதற்காகக் கொண்டு வந்த வகுப்பு, பேச முடிந்தவர்களுக்கே புள்ளி கொடுத்து முடிந்தது. உயர்தரம் வரைக்கும் தமிழிலோ சிங்களத்திலோ படித்து, இரண்டு வருடம்வரை காத்திருந்து உள்ளே வருகிற பிள்ளைகள்தான் நம் பீடங்களில் பெரும்பான்மை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து எடுக்கிறோம், அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ஒரு பிள்ளை வர வேண்டும் என்று அரசு விரும்பித்தான் இந்தக் கதவைத் திறந்தது. வந்த பிள்ளையை மேசையில் வாயடைக்க வைப்பதென்றால் எதற்குத் திறந்தோம்?

மருத்துவத்தைத் தமிழில் படிப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் கிறீன் அதைச் செய்தே காட்டினார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார். இன்றைக்கு எங்கள் படிப்பு, ஆய்வு, மேற்படிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் கேட்பது சின்ன விஷயம். சிறு குழு வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் எந்த மொழியிலும் யோசித்துப் பேசலாம் என்று விடுங்கள். அடுத்த ஒரு வருடத்துக்காவது பங்களிப்புப் புள்ளியை நிறுத்திவிட்டு, புள்ளி இல்லாமல் கருத்து மட்டும் சொல்லுங்கள். நோயாளியோடு பேசும் திறமையை நோயாளியின் மொழியிலேயே சோதியுங்கள். "நாரி நோகுது", "முட்டு இழுக்குது", "வயிற்றாலை போகுது" என்று வருகிற மனிதரிடம் கதை கேட்டு எடுப்பதில் அந்த வெருகல் பிள்ளைதான் முதலாவதாக வருவாள், அதற்கும் புள்ளிப் பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.

பரீட்சையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வருடக் கடைசிப் பெரிய பரீட்சையின் பயத்தைக் குறைக்கத்தான் தொடர் மதிப்பீடு கொண்டு வந்தீர்கள், ஆனால் பெரிய பரீட்சையை எடுக்கவில்லை. இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு சின்னப் பரீட்சை, மேலே பழைய பெரிய பரீட்சையும் அப்படியே. அதுவும் திங்கட்கிழமையில் வைக்கிறீர்கள். திருகோணமலைப் பிள்ளை வீட்டுக்கு வருவதென்றால் வெள்ளி இரவு ரயில் ஏறிச் சனி காலையில் இறங்க வேண்டும், ஞாயிறு இரவு திரும்ப ஏற வேண்டும். திங்கள் பரீட்சை என்றால் அந்தப் பயணமே கிடையாது. போன தடவை தம்பி வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. புதன்கிழமைக்கு மாற்றினால் என்ன செலவாகும்? ஒன்றைச் சேர்க்கும்போது ஒன்றை எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை உங்கள் குழு எழுதி வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் வாரத்தில் ஒரு பின்னேரமாவது மிஞ்சும்.

இப்போது எழுதப்போவதுதான் இந்த மடலிலேயே எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

நான் நான்காம் வருடத்தில் ஒரு மருத்துவ வார்டில் இருந்தேன். காலை ரவுண்ட், வைத்தியர்கள் கட்டில் கட்டிலாக வந்து நோயாளிகளைப் பார்க்கிற நேரம். எனக்கு முதல் நின்ற பட்ச் நண்பன் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தான், அதைப் பெரிய வைத்தியர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று நோயாளிகளுக்கு முன்னாலேயே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அடுத்தது நான் என்று தெரியும். அடுத்த கட்டில் என்னுடையது. மஞ்சட்காமாலையோடு வந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். முந்தின நாள் பின்னேரம் நான் அவரோடு ஒரு மணி நேரம் இருந்து கதைத்திருந்தேன். பல்லு வலி தாங்காமல், நான்கு நாளாக நோகும் நேரமெல்லாம் இரண்டு இரண்டாக பரசிட்டமோல் போட்டிருக்கிறார், இரவில் நித்திரை வருவதற்குச் சாராயமும். அவர் அதை மருந்தென்றே நினைக்கவில்லை, அதனால் அனுமதிக்கும்போது கேட்டவர்களிடம் சொல்லவில்லை. என் குறிப்பில் அது இருந்தது. ஆனால் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினால் எங்கே இடறுவேனோ என்ற பயத்தில், அட்டையில் ஏற்கெனவே இருந்ததை மட்டும் வாசித்துவிட்டு நின்றுவிட்டேன். வைரஸ் பரிசோதனைகள் எழுதப்பட்டன. அடுத்த நாள் காலையில் ஒரு மெடிக்கல் ஒஃபிசர் தானே இருந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பரசிட்டமோல் ஈரலைப் பழுதாக்கும்போது அந்த நஞ்சை முறிக்கும் மருந்தை எவ்வளவு கெதியாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் இருபத்துநான்கு மணி நேரம் போனது போனதுதான், அது என் வாய்க்குள் கிடந்த இருபத்துநான்கு மணி நேரம்.

இதற்கு 'மறைந்த பாடத்திட்டம்' என்று மருத்துவக் கல்வியில் ஒரு பெயர் இருக்கிறது, ஃபிரெடரிக் ஹாஃபர்ட்டி 1994இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லோரும் பேசும் பெயர். புத்தகத்தில் எழுதாததை, வார்டின் நடப்பும் பேச்சும் படிப்பித்துவிடும். என் புத்தகத்தில் நோயாளியின் கதையை முழுமையாகச் சொல் என்று இருந்தது. வார்ட் எனக்கு வாயை மூடு என்று படிப்பித்தது. நீங்கள் மொடியூலை எவ்வளவு அழகாக எழுதினாலும், அந்த ரவுண்ட் அப்படியே நடந்தால் தம்பியும் அடுத்த வருடம் அதையேதான் படிக்கப்போகிறான். வார்டில் இருப்பவர்களில் பலர் சுகாதார அமைச்சின் ஆட்கள், பீடத்துக்குக் கீழே வராதவர்கள், அவர்களை மாற்றச் சொல்லி உங்களால் உத்தரவிட முடியாது என்று தெரியும். ஆனால் மாணவரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது நீங்கள். நல்ல விதமாகப் படிப்பிக்கும் வார்டுக்கு அதிகம் பிள்ளைகளை அனுப்புங்கள், இழிவுபடுத்தும் வார்டுக்கு அனுப்பாமல் விடுங்கள். நிலைமை ஓரிரு வருடத்தில் தானாக மாறும் என்று நம்புகிறேன்.

எந்த வார்ட் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகளைக் கேளுங்கள். அதற்கு ஒரு கருவியை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1997இல் வெளிவந்த, மாணவர் தாங்கள் படிக்கும் சூழலை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கிற ட்ரீம் (DREEM) என்ற கேள்வித்தாள் இருக்கிறது, உங்களில் பலருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 50 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 200. 50க்குள் என்றால் மிக மோசம், 100 வரை நிறையப் பிரச்சினை, 150 வரை குறையைவிட நிறை அதிகம், அதற்கு மேல் மிகச் சிறப்பு. ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியபீடத்திலேயே இதை வைத்து மாணவரைக் கேட்டு 2005இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த நாட்டில் நடக்காத காரியம் இல்லை.

டெமொன்ஸ்ட்ரேட்டராக இருந்த காலத்தில் ஓர் இரவு நான் அந்தத் தாளை எடுத்து, என் மாணவக் காலத்தை நினைத்துக்கொண்டு நேர்மையாக நிரப்பிப் பார்த்தேன். நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள் என்ற கூற்றுக்கு முழுதாக 4. மன அழுத்தத்தில் இருக்கும் மாணவருக்கு நல்ல உதவி ஏற்பாடு இருக்கிறது என்பதற்கு 0. நான் கேட்க விரும்பும் கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதற்கும் 0. கற்பிப்பவர்கள் மாணவரைக் கேலி செய்கிறார்கள் என்ற கூற்று வந்தபோது பேனையை வைத்துவிட்டேன். உலகத்தில் எத்தனையோ கல்லூரிகளில் இதைச் செய்திருக்கிறார்கள், அழுத்தத்துக்கு உதவி என்ற அந்த ஒரு கூற்றில் புள்ளி குறைவாக வருவது பாடத்திட்டம் பழையதோ புதியதோ பல இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஒரு மொடியூலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, அதற்கு ஓர் ஆளும் ஓர் அறையும் கதவுக்கு ஒரு பூட்டும் வேண்டும்.

ஆனால் சும்மா கேட்டுவிட்டுப் போனால் அதுவும் இன்னொரு படிவம்தான். தம்பியின் பட்சிடம் ஒரு முறை கேட்டிருக்கிறார்கள், பரீட்சை முடிந்த அன்று மண்டப வாசலில் தாளைக் கொடுத்து. என்ன விடை வந்தது என்று இன்றுவரைக்கும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மாற்றத்துக்கு முன்னால் பழைய பட்சிடம் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு வருடமும் புதிய பட்சிடம் என்று கேளுங்கள். பெயரில்லாமல் கேளுங்கள், ஆனால் எந்த மொழியில் உயர்தரம் படித்தார், விடுதியிலா வெளியிலா தங்குகிறார், எத்தனையாம் வருடம் என்பதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சராசரி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள், அந்தச் சராசரிக்குள் வெருகல் பிள்ளை காணாமல் போய்விடுவாள். விடை வந்த ஒரு மாதத்துக்குள் அதே பிள்ளைகளை இருத்தி, இதுதான் நீங்கள் சொன்னது, இதில் இந்த இரண்டை இந்தத் தவணையில் மாற்றுகிறோம், மற்றதை இந்தக் காரணத்தால் இப்போது முடியாது என்று சொல்லுங்கள். முடியாது என்பதைக் கேட்டுப் பிள்ளைகள் உடைந்துபோகமாட்டார்கள், யாரும் பதில் சொல்லாததுதான் அவர்களை உடைக்கிறது.

இன்னொரு கூட்டத்தையும் மறக்க வேண்டாம். பழைய பாடத்திட்டத்தின் கடைசி பட்சில் ஒரு பாடம் விடுபட்டு ரிப்பீட் எழுதுகிற பிள்ளைகள். அவர்களுக்கு இப்போது விரிவுரையே இல்லை, ஏனென்றால் அந்தப் பாடமே இல்லை. கூடப் படித்தவர்கள் வார்டுக்குப் போய்விட்டார்கள், கீழே வருகிறவர்கள் வேறு பாடம் படிக்கிறார்கள். நூலகத்தில் ஒரு மூலையில் தனியாக இருந்து படிக்கும் அந்த மூன்று நான்கு பேருக்கு ஒரு விரிவுரையாளரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள், கிழமைக்கு ஒரு மணி நேரம் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த மூலையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்து ஒரு வருடம் திரும்பிப் போகவில்லை. இப்போது போயிருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளையும் நான் அவ்வப்போது சந்திக்கிறேன். அவர்களுக்கும் பாடத்திட்டம் என்று வரும்போது தங்களைக் கேட்க வேண்டும் என்ற ஆசை இதேதான்.

உங்கள் பக்கத்தின் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2022க்குப் பிறகு எத்தனை விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள், இருக்கிறவர்கள் எத்தனை பேருடைய வேலையைச் செய்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். சிறு குழு வகுப்புக்கு ஆளில்லாமல்தான் என்னைப் போன்றவர்களை அரை மணி நேரப் பயிற்சியோடு உள்ளே விட்டீர்கள். நான் மேலே கேட்டவற்றில் அதிகமானவை காசு தேவையில்லாதவை, கிழமை நாளை மாற்றுவது, புள்ளிக் கட்டத்தை எடுப்பது, விடையைத் திருப்பிச் சொல்வது. அதனால்தான் துணிந்து கேட்கிறேன்.

தம்பியும் அவனுடைய பட்ச் பிள்ளைகள் ஆறு பேரும் இந்த மாதம் புதிதாக வந்த பட்சுக்குக் குப்பி எடுக்கத் தொடங்குகிறார்கள். தங்களுக்குக் கிடைக்காததை அடுத்தவர்களுக்காவது கொடுக்க வேண்டும் என்று, மொடியூல் வரிசையில் குறிப்பை அவர்களே முதலிலிருந்து எழுதுகிறார்கள், பாதி ஆங்கிலம், பாதி தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்காக ஒருவன் சிங்களத்திலும் எழுதுகிறான். இரத்த மொடியூல் முடிந்துவிட்டது, இதயம் பாதியில் நிற்கிறது. முதல் குப்பி அடுத்த ஞாயிறு இரவு. அதற்கு முன் ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு மாதிரி வினாத்தாளை அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கள் சேர்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு வைத்தியர்